மீனலோசனி காயவைத்த தொட்டி

தெப்பக்குளத்துக்குக் கிழக்கே, வண்டியூர் போகும் பாதையில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் இடக்கைப் பக்கம் பத்ரிநாத்தின் சாயப்பட்டறை. முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் நூல் காயப்போடும் மூங்கில்கள். அந்த வீட்டுக்கு எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் மருமகளாக வந்தவள் மீனலோசனி. முனிச்சாலையில் பிறந்தவள், நாலு பெண்களில் மூன்றாவது. தாய்வழி பரமக்குடி. பெரியவளைச் சேலத்தில் கொடுத்தார்கள், அடுத்தவளை உள்ளூரிலேயே கொடுத்தார்கள், கடைசிப் பெண்ணை மட்டும் சென்னைக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் அம்மா வருஷம் முழுக்க அழுதாள்.

சௌராஷ்டிரக் குடும்பங்களில் யாருக்கு யார் என்ன வேணும் என்று சொல்ல ஆரம்பித்தால் ஒரு பொழுது பத்தாது. இந்தக் கதைக்கு ஒரே ஒரு உறவு தெரிந்தால் போதும். பத்ரிநாத்துக்கு ஒரு அக்காள், பத்மாசினி என்று பேர். அவளுக்கு ஒரு மகன், விஜய்ஆனந்த். அவன் ஆறாவது படிக்கும்போது பத்மாசினி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மாமா வீட்டுக்கு வந்து, அத்தை கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான். மீனலோசனிக்குத் தன் மகள் காவ்யஸ்ரீ வேறு, அவன் வேறு என்று இருந்ததில்லை. வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொள்வது அவர்கள் பாஷை. இங்கே அதைத் தமிழில்தான் சொல்ல முடியும்.

அந்தப் பட்டறையில் பெண்களுக்கென்று ஒரு வேலை உண்டு. அது ஆண்கள் கண்ணில் படாத வேலை. சாயம் காய்ச்சி, நூலை முக்கி எடுத்து, கொப்பரையைக் கவிழ்த்துக் கழுவுகிறார்களே, அதற்கு முன்னால் ஒரு தம்ளர் சாயத்தண்ணியை மோந்து அடுக்களை ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கழுவி முடித்து ஆண்கள் கை அலம்பப் போன பிறகு, அந்தத் தம்ளரைத் திரும்பக் கொண்டுபோய்க் கொப்பரையில் ஊற்ற வேண்டும். கொப்பரை வெறுமையாய் ஒரு ராத்திரி இருக்கக்கூடாது. அடி நனைந்திருந்தால் போதும். மறுநாள் அதன் மேலேயே தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுவார்கள். அத்தனை தண்ணீரில் ஒரு தம்ளர் எங்கே தெரியப்போகிறது? நூலுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. பத்ரிநாத்தின் அம்மா இதை எதற்கென்று சொன்னதில்லை. புதுமருமகளுக்குச் செய்து காட்டினாள், அவ்வளவுதான்.

மீனலோசனி ஒரே ஒரு தரம் தவறினாள். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், காவ்யஸ்ரீ வயிற்றில் இருக்கும்போது. காலெல்லாம் வீங்கி, நிற்க முடியாமல், தம்ளரை மறந்துபோனாள். கொப்பரை கவிழ்த்தது கவிழ்த்தபடி வெயிலில் காய்ந்து கிடந்தது. அந்த வாரமே மாமனார் வைகையில் நூல் அலசப் போனவர், நாலு பேர் தூக்கிவரக் கட்டிலில் வந்தார். நெஞ்சுவலி என்றார்கள். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து பட்டறை திறந்த அன்றைக்கு, மருமகள் பார்க்க, தானே ஒரு தம்ளரைக் கொண்டுபோய்க் கொப்பரையில் ஊற்றிவிட்டு வந்தாள். வைதிருந்தால்கூட ஒருநாளைக்கு ஆறியிருக்கும். அந்த வாய் திறவாமை மீனலோசனிக்குள் அப்படியே தங்கிவிட்டது. அன்றிலிருந்து, மாமியார் காலமான பிறகும், ஒரு நாள் விடவில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுந்து போய் ஊற்றிவிட்டு வந்து படுத்தாள். யாரும் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, காவ்யஸ்ரீயைச் சேலத்தில் பெரியம்மா வீட்டுப் பக்கமே கட்டிக்கொடுத்த மறு வருஷம், பட்டறையை மூடச் சொல்லிவிட்டார்கள். கழிவுத்தண்ணி வாய்க்காலில் போய் வாய்க்கால் ஆற்றில் போகிறது என்று. அது பொய்யும் இல்லை. திங்கள்கிழமை வாய்க்கால் சிவப்பாகப் போனால் செவ்வாய்க்கிழமை பச்சையாகப் போகும், ஊருக்கே தெரியும்.

பட்டறை நின்றதும் பத்ரிநாத்தின் பேச்சும் நின்றது. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு தெப்பக்குளத்துச் சுவரில் போய் உட்காருவார். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போய் உட்காருவார். குளத்தில் தண்ணி இருந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பார், தண்ணி வற்றிப் பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் ஆடினாலும் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன குழம்பு வைக்க என்று கேட்டால், ஏதோ ஒன்று என்பார். முன்பெல்லாம் உப்பு ஒரு கல் கூடினால் தெரு கேட்கச் சத்தம் போடுகிற மனிதர். மீனலோசனி சாப்பாட்டில் வேணுமென்றே உப்பைக் கூட்டிப் பார்த்தாள். சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான், இரண்டாயிரத்து ஏழில், விஜய்ஆனந்த் வந்தான். அவன் அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார். மாமா தெப்பக்குளத்துக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிட்டான்.

"மாமா, பட்டறைய எனக்குக் குடுங்களேன்."

"வாடகைக்கா?"

"வாடகைக்கு இல்ல. உங்களையும் சேத்துத்தான் கேக்கறேன். சாயம் இல்ல மாமா, இது வெள்ளி."

"வெள்ளி வேலைன்னா தெற்காவணி மூலவீதிக்குப் போகணும் மாப்ள. இங்க எதுக்கு வந்த?"

"கொலுசு அடிக்க இல்ல. தண்ணியில கரைஞ்சு கிடக்கற வெள்ளிய ஒவ்வொரு அணுவாக் கூட்டணும். பத்துப் பன்னெண்டு அணு சேந்து ஒரு கொத்தானதும், போதும் நில்லுன்னு நிறுத்தணும். அம்புட்டுத்தான் வேலை."

"நில்லுன்னா நிக்குமா?"

"அதுக்குத்தான் பசை மாதிரி ஒண்ணு கலக்கறோம். ஒவ்வொரு கொத்தையும் அது சுத்திப் பிடிச்சுக்கும், பக்கத்துக் கொத்தோட சேர விடாது. மேலாக்க விளக்கு வெளிச்சம் படணும். வெளிச்சந்தான் வெள்ளிய ஒண்ணு ஒண்ணா இறக்கிவிடுது."

பையிலிருந்து ஒரு சின்னக் குடுவையை எடுத்தான். லேசான ரோஸ் நிறத்தில் தண்ணி. மூன்று பேரும் நூல் வைக்கிற இருட்டு அறைக்குள் போனார்கள். அவன் ஒரு ஊதா விளக்கைக் குடுவைமேல் பிடித்தான். குடுவை முழுக்கச் சிவப்பாகப் பற்றிக்கொண்டது. அந்த வீட்டில் சிவப்புக்குப் பஞ்சமில்லை. அரக்குச் சிவப்பு, மிளகாய்ப்பழச் சிவப்பு, குங்குமச் சிவப்பு எல்லாம் மீனலோசனி தன் கையால் பிழிந்தவள். இது அந்த வகைச் சிவப்பு இல்லை. அடுப்பில் ஊதின தணல் மாதிரி உள்ளே இருந்து வருகிறது. தொட்டுப் பார்த்தாள். சூடில்லை.

"இதுல துணிய முக்கிக் காய வெச்சா துணியும் இப்படியே எரியும் அத்தை. அந்தத் துணியில ஒரு கீத்துக் கிழிச்சுக் கிணத்துத் தண்ணியில போடுங்க. தண்ணியில பாதரசம் மாதிரி, தாமிரம் மாதிரி ஏதாச்சும் இருந்தா வெளிச்சம் அணைஞ்சிரும். நல்ல தண்ணியா இருந்தா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஊர் ஊருக்குக் குடுக்கலாம்."

"நம்ம வாய்க்கால்ல போட்டா பொசுக்குன்னு போயிரும்" என்றார் பத்ரிநாத்.

இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. மீனலோசனி இருட்டுக்குள்ளேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வேலை எது எப்படி என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். அது இந்த வீட்டில் நிலைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

விஜய்ஆனந்தின் சிக்கல் என்னவென்றால், கல்லூரியில் அவன் செய்தது தம்ளர் அளவு. துணி முக்க அண்டா அண்டாவாக வேண்டும். அளவைப் பெருக்க எல்லாச் சாமானையும் அதே கணக்கில் பெருக்கினால் ஆயிற்று என்று தோன்றும். அப்படி இல்லை. ஆழமான பாத்திரத்தில் அடி வரைக்கும் வெளிச்சம் போகாது. கிளறுவதும் ஓரத்துக்கு ஒரு மாதிரி, நடுவுக்கு ஒரு மாதிரி ஆகும். அதனால் ஆழமில்லாமல், அகலமாக, கட்டில் மாதிரி ஒரு எவர்சில்வர் தொட்டியை மூடியோடு செய்யச் சொன்னான். மேலே வரிசையாக விளக்குகள் மாட்டினார்கள். கழிவு ஒரு சொட்டு வெளியே போகாமல் பிடித்துவைக்கப் பீப்பாய்கள் வந்தன. பட்டறையின் பழைய ஆள் பால்பாண்டியையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். கூட, பேரையூர்ப் பக்கத்துப் பருத்திக்காட்டுச் சம்சாரி வீட்டுப் பெண் அஸ்வினி. அவள் விஜய்ஆனந்திடம் ஆராய்ச்சி செய்கிறவள். மீனலோசனியை முதல் நாளே மீனாம்மா ஆக்கிவிட்டாள்.

வெள்ளி உப்பு கையில் பட்டால் தோல் கறுத்துப்போகும், எத்தனை தேய்த்தாலும் போகாது. உறை போட்டுக்கொள்ளுங்கள் என்று அஸ்வினி கத்துவாள். பால்பாண்டி கேட்க மாட்டான்.

"மொதலாளி, ஊருல எல்லாரும் காசு குடுத்துக் கறுப்ப வெளுப்பாக்கப் பாக்குறாய்ங்க. நாம வெள்ளியப் போட்டுக் கறுப்பாயிக்கிட்டு இருக்கோம்."

"நீ வெளுத்து யாருக்குடா பொண்ணு பாக்கணும்? தொட்டியப் பிடி."

முதல் தரம் செய்தபோது அருமையாக வந்தது. தொட்டி முழுக்க ரோஸ் நிறம். விளக்கைப் பிடித்தால், கட்டிலளவு தணல். விஜய்ஆனந்த் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அன்று சாயங்காலம் பத்ரிநாத் சாம்பாரில் புளி போதவில்லை என்று சத்தம் போட்டார். மீனலோசனிக்கு அதைவிட இனிப்பான சொல் இருந்ததில்லை. பழைய கொப்பரைகளுக்குச் செய்ததைப் புதுத் தொட்டிக்கும் செய்தாள். ரோஸ் தண்ணியில் ஒரு தம்ளர் மோந்து வைத்திருந்து, பத்ரிநாத் கழுவி முடித்துக் கை அலம்பப் போனதும் ஊற்றி, அடி நனையும்படி ஒருமுறை சாய்த்துவிட்டு, மூடினாள்.

இரண்டாம் தரம் பழுப்பாகப் போனது.

நடுவில் கரண்டு போய் விளக்குகள் அணைந்தன, அதுதான் காரணம் என்றார்கள். ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். அடுத்த தரமும் பழுப்பு, முன்னைவிடக் கெட்டியான பழுப்பு. தண்ணியில் கோளாறு என்றார்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணியைக் கேன் கேனாகச் சமயநல்லூரிலிருந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். அதற்கும் பழுப்புத்தான். வெக்கை காரணமாக இருக்குமோ என்று சுற்றிலும் ஈரச் சாக்குக் கட்டினார்கள். அதற்கும் மசியவில்லை.

"இம்புட்டு வெள்ளியும் கொலுசாப் போட்டிருந்தா எங்க தெருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் ஜல்ஜல்னு நடந்திருப்பாளுக" என்றான் பால்பாண்டி.

குறை சொல்ல வேறு எதுவும் மிஞ்சாதபோது மனிதன் தன்னைத்தான் சொல்லிக்கொள்வான். பத்ரிநாத் தொட்டியைத் தேய்க்கிற தேய்ப்பு வரவரக் கூடியது. மூன்று தண்ணி ஊற்றிக் கழுவச் சொன்னால் நாலு ஊற்றினார். தேய்த்துவிட்டு வந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நாப்பது வருசமாச் சாயத்துல ஊறின கை. என்னத்தத் தேய்ச்சாலும் அதுல இருந்து ஏதோ எறங்குது போல" என்று அவளிடம் ஒருநாள் சொன்னார். அதற்கு மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே சட்டையை மாட்டிக்கொண்டு தெப்பக்குளத்துக்குப் போனார்.

அன்று மத்தியானம் அஸ்வினி அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் இளைத்துத்தான் போயிருந்தாள்.

"சார் பாடுதான் மீனாம்மா பாவம். அடுத்த தடவையும் போச்சுன்னா இந்த வேலைய ஹைதராபாத்துல ஒரு ஆலைக்குக் குடுத்திரச் சொல்லிட்டாங்களாம், பணம் குடுக்கறவங்க. அங்க போயிட்டா இங்க ஒண்ணும் இல்ல."

"எதனாலதாம்மா இப்படி ஆகுது?"

"கொத்து பெருசாயிருது. பெருசாயிட்டா அது வெறும் வெள்ளித்தூள். பழுப்பாத்தான் இருக்கும், வெளிச்சம் வராது. சித்திரைத் திருவிழாவுல பாத்திருப்பீங்கள்ல, ஜனங்க நாலு பேரு நாலு பேரா அங்கங்க நின்னு பேசிக்கிட்டு இருப்பாங்க. அது நம்ம கொத்து. ஒரு இடத்துல ஏற்கெனவே கூட்டம் நின்னா என்ன ஆகும்?"

"என்னன்னு பாக்க எல்லாரும் அங்கதான் ஓடுவாங்க."

"அதேதான். தண்ணியில ஏற்கெனவே சேந்து கிடக்கற வெள்ளி துளி இருந்தாலும், புதுசா இறங்கற வெள்ளியெல்லாம் தனியாக் கொத்து கட்டாம அதுமேல போய் ஒட்டிக்கும். போன தடவைத் தண்ணி கொஞ்சம் கிடந்தாலே அப்படி ஆகும். அதனாலதான் காலேஜ்ல குடுவைய அமிலம் ஊத்திக் கழுவிக் காய வெப்போம். ஆனா இங்க அதுக்கு வழியே இல்ல மீனாம்மா. ஐயா கழுவுற கழுவுக்கு அதுல பால் காய்ச்சலாம்."

மீனலோசனி குழம்புக் கரண்டியைச் சாய்த்தபடி நின்றாள். அடுக்களை ஓரத்தில், அம்மிக்குப் பக்கத்தில், தம்ளர் கவிழ்ந்திருந்தது.

"குழம்பு போதும் மீனாம்மா. ஊத்திட்டே இருக்கீங்க."

முதல் தரம் ஏன் வந்தது, பிறகு ஏன் வரவில்லை என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டி புதுசாக இருந்த அன்றைக்கு ஊற்ற மிச்சம் இல்லை.

யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஊற்றாமல் விட்டால் தானாகச் சரியாகும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் படுத்தால் இரண்டு விஷயம் புரண்டு புரண்டு வந்தது. ஒன்று, ஊற்றாமல் விட்டால் தொட்டி காயும். காய்ந்த கொப்பரையை அவள் ஒரு தரம் பார்த்திருக்கிறாள், அந்த வாரம் வாசலுக்கு வந்த கட்டிலையும் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் படுத்திருக்கிற மனிதருக்கும் அப்போதைய மாமனார் வயசுதான் ஆகிறது. இன்னொன்று, அவள் சொல்லாமலே வேலை சரியானாலும், கெட்டதெல்லாம் தன் கையால் கெட்டது என்றுதான் அவர் கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார். சரியானதை விதி என்பார். அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பார்வை போகாது. சொன்னால் அவர் கை அவருக்குத் திரும்பும், அவளுக்கு என்ன பேர் வரும் என்பது வேறு. சொல்லாவிட்டால் அவள் பேர் நிற்கும், அவர் போய்விடுவார். எப்படிப் பார்த்தாலும் தொட்டி காய்ந்துதான் ஆக வேண்டும். அவளுக்குத் தைரியம் வராதது அங்கேதான்.

மறுநாள் விஜய்ஆனந்த் அஸ்வினியோடு வந்தபோது, பால்பாண்டியும் பார்க்க, பத்ரிநாத் பட்டறை வாசலிலேயே அவனை நிறுத்திவிட்டார்.

"மாப்ள, நீ ஹைதராபாத்துக்கே குடுத்திரு. எனக்கு வருத்தம் இல்ல. இந்தக் கைக்கு இது வரல."

"மாமா, இன்னும் ஒரு தடவ..."

"எத்தனை தடவடா? உன் பேரும் கெடுது. நான் போயிட்டு வாரேன்." செருப்பைத் தேடினார்.

மீனலோசனி உள்ளே இருந்து வந்தாள். கையில் அந்தத் தம்ளர்.

"உங்க கை இல்லைங்க. என் கை."

எதை மோந்தாள், எப்போது ஊற்றினாள், மூடியை எப்படி மூடினாள் எல்லாம் சொன்னாள். அடியில் ஈரம் கிடந்தாலும் கழுவின தண்ணி என்றுதானே நினைப்பார்கள், கேன் தண்ணிக்குத் தட்டுப்பாடு என்று காலையில் மறுபடி அலசவும் இல்லையே என்று அதையும் அவளே சொன்னாள். அஸ்வினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விஜய்ஆனந்த் காலிப் பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, எனக்குக் கோவம் வருது. ஆனா யார் மேல வருதுன்னு தெரியல. மாமாகிட்ட நல்லாக் கழுவுனீங்களான்னு கேட்டேன். கழுவுனதுக்கு அப்புறம் யாராச்சும் எதையாச்சும் திரும்ப ஊத்துனீங்களான்னு கேக்கல பாருங்க."

"அத எவன் சார் கேப்பான்?" என்றான் பால்பாண்டி.

பத்ரிநாத் செருப்பைக் கழற்றினார். அவளிடமிருந்து தம்ளரை வாங்கிப் பார்த்தார்.

"இது எங்கம்மா தம்ளர்ல."

"ஆமா."

"அம்மாவோட அதெல்லாம் போச்சுன்னு நெனச்சேன். இம்புட்டு வருசமாவா?"

"ஒரு நாளும் விட்டதில்ல. ஒரே ஒரு தடவ தவிர."

எந்தத் தடவை என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், தங்கள் பாஷையில் சொன்னார்: "அப்பாவுக்கு அதுக்கு முன்னாடி மாசமே நெஞ்சுல பிடிச்சது. ஆஸ்பத்திரியில பாத்து, ஆத்துல இறங்காதன்னுதான் சொல்லி அனுப்புனாங்க. கேக்காமத்தான் போனார். அம்மாவுக்கும் தெரியும்."

அது நடந்ததா, அவளைத் தேற்ற அந்த நிமிஷம் கட்டினதா என்று மீனலோசனிக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டு, ஆமாம் கட்டினதுதான் என்று சொல்லிவிட்டால்?

"நான் கவுத்துக் காய வெக்கிறேன். நீ உள்ள போ" என்றார்.

"வேணாம். நீங்க தொடாதீங்க. நான் வெக்கிறேன்."

அவளும் பால்பாண்டியுமாகத் தொட்டியைக் கழுவினார்கள். அஸ்வினி அமிலத்தை ஊற்றிச் சுழற்றிப் பீப்பாயில் கொட்டினாள், பிறகு கேன் தண்ணி. பிறகு மீனலோசனி ஒரு பக்கம் பிடித்து, வெளியே மூங்கில்களுக்கு நடுவில் சாய்த்து வைத்தாள். பங்குனி வெயில். தண்ணி அடியிலிருந்து ஓரத்துக்கு ஓடி, ஓரத்திலிருந்து சொட்டி, சொட்டுவதும் நின்றது. எவர்சில்வர் வெள்ளைவெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. ஒரு சாயப்பட்டறை வீட்டு மருமகளாக அவள் பார்க்கக்கூடாத காட்சி அது. திரும்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குப் பத்ரிநாத்தை அவள் விட்டு நகரவில்லை. தெப்பக்குளத்துக்குக் கிளம்பினால் கூடவே கிளம்பினாள். அவர் போகாமல் உட்கார்ந்துவிட்டார். மாடிப்படி ஏறினால் கீழே நின்றாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பாயில் படுத்தபோது, முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கல் பொறுக்குகிற கை பாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தது, கண் அவர் மார்பு ஏறி இறங்குவதிலேயே இருந்தது.

கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார். "என்ன, இன்னும் இருக்கனா?"

"சும்மா படுங்க."

"கல்லப் பொறுக்கிக் கீழ போடுவாங்க. நீ அரிசியப் பொறுக்கிக் கீழ போட்டுக்கிட்டு இருக்க."

குனிந்து பார்த்தாள். அப்படித்தான் செய்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் திரும்பிப் படுத்துத் தூங்கியும் போனார். குறட்டை வந்த பிறகுதான் அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காய்ந்த தொட்டியில் வேலையை ஆரம்பித்தார்கள். விளக்குகளின் கீழே தண்ணி நிறமில்லாமலே வெகுநேரம் கிடந்தது. பிறகு ஓரத்தில் லேசாக ஒரு நிறம் தட்டியது. பழுப்பா ரோஸா என்று பால்பாண்டியும் அஸ்வினியும் சண்டை போட்டார்கள். பத்ரிநாத் தொட்டி ஓரத்தில் குனிந்து பார்த்தார். சாயக்காரர் கண்ணுக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் வாய் திறந்து சொல்ல அவருக்கும் பயம்தான். கடைசியில் விஜய்ஆனந்த் மேல் விளக்குகளை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஊதா விளக்கைத் தாழப் பிடித்தான்.

தொட்டியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் சிவப்பு. அஸ்வினியின் பல், பால்பாண்டியின் கறுத்த விரல்கள், பத்ரிநாத்தின் நரைத்த மீசை எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு பட்டிருந்தது.

"மாப்ள, ஹைதராபாத்துக்காரனுக்குச் சொல்லிரு. அவன் வேற சோலி பாக்கட்டும்" என்றார் பத்ரிநாத். குரல் பழைய குரல்.

துணி முக்க எடுத்துப் போகும் முன்பு அஸ்வினி ஒரு கரண்டியை விட்டுக் கொஞ்சம் மோந்து, சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மூடினாள். மீனலோசனி குறுக்கே வந்தாள்.

"அது எதுக்கும்மா?"

"ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுத்து வெக்கணும் மீனாம்மா. எங்க வழக்கம். பின்னால எதுலயாச்சும் சந்தேகம் வந்தா இதப் பாத்துக்கலாம். முழுசா எப்பவும் காலி பண்ணக்கூடாது."

"திரும்ப ஊத்த மாட்டீங்களே?"

"ஊத்த மாட்டோம். அலமாரியில நிக்கும், அம்புட்டுத்தான்."

மீனலோசனி கையை நீட்டினாள். "அத எங்கிட்டக் குடு. நான் வெக்கிறேன்."

அந்த வேலை அந்த வீட்டில் நிலைத்தது. முக்கியெடுத்த துணிகள் கீற்றுக் கீற்றாய்ப் பேரையூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்கும் போயின, வேறு எங்கெங்கோ போயின. அஸ்வினி படிப்பை முடித்து, கல்யாணமாகி, பிள்ளையோடு வந்து மீனாம்மாவைப் பார்த்துவிட்டுப் போனாள். பத்ரிநாத் பட்டறையில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். உப்புக்கும் புளிக்கும்கூட.

ஒவ்வொரு சாயங்காலமும் தொட்டியைக் கழுவி அவரும் பால்பாண்டியும் வெளியே சாய்ப்பார்கள். அடுக்களை அலமாரியில் மாமியாரின் தம்ளருக்குப் பக்கத்தில் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வேலை செய்கிற நாளெல்லாம் ஒரு புட்டி கூடும். மீனலோசனி தன் கையாலேயே மூடி, துடைத்து, வரிசையில் வைப்பாள். வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஒருமுறை வெளியே பார்த்துக்கொள்வாள். மூங்கில்களுக்கு நடுவே தொட்டி காய்ந்துகொண்டிருக்கும்.